கர்ணனைச் சாகடிக்கும் எபிசோடு

1

இந்தக் கதை ஒரு போன் காலில் ஆரம்பித்தது. கனவில் வந்தது, ரயிலில் வந்தது என்றெல்லாம் பேட்டிகளில் சொல்கிறார்கள், எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. இது சென்னையிலிருந்து, மத்தியானச் சாப்பாட்டில் கை வைத்த நேரமாகப் பார்த்து வந்தது. ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒரு சேனலில் குற்றத் தொடர் ஒன்று ஓடுகிறது. அதற்கு வசனம் எழுதுகிற தேனிக்காரர் ஒருவரை அதன் இயக்குநர் அஜய்குமார் கூப்பிட்டார்.

"சார், அடுத்த எபிசோடு உங்க ஊர்தான். தேனி கேங். ஒரு அட்டெம்ப்ட் மர்டர். சூடா குடுங்க."

அந்த வசனகர்த்தாவுக்கு ஈஸ்வரபாண்டி என்று பெயர் வைத்துக்கொள்வோம். 'நான்' என்றுதான் முதலில் எழுதிப் பார்த்தேன். மூன்றாவது வரியிலேயே எனக்காக நானே வக்கீல் வேலை பார்க்க ஆரம்பித்துவிட்டேன். சகிக்கவில்லை. ஆகவே அவர். அவருக்கு ஐம்பது தாண்டிவிட்டது, சர்க்கரை இருக்கிறது. வாராவாரம் யாரையாவது குத்தி, வெட்டி, எரித்து, புதைத்து எழுதி எழுதி மனுசனுக்குச் சலித்துப்போய்விட்டது. இதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

எபிசோடின் முதல் வரைவு இப்படித் தொடங்கியது:

*மேற்குத் தொடர்ச்சி மலையின் மடியில் பச்சைக் கம்பளம் விரித்தாற்போல*

போதும். கம்பம் பள்ளத்தாக்கைப் பற்றி எழுத வருகிற எல்லாரும் இந்தக் கம்பளத்தை விரித்துவிட்டுத்தான் உள்ளே நுழைகிறார்கள். சுருட்டிப் பரணில் போட்டாயிற்று. இரண்டாவது:

*உச்சி வெயிலில் அரிவாள் பளீரென்று*

இல்லை. அரிவாள் பளீரென்றெல்லாம் மின்னவில்லை. வெட்டு வாங்கியவரே சொன்னார், அது துருப்பிடித்த அரிவாள், அதற்கென்று தனியாக ஊசி போட்டார்கள் என்று.

மூன்றாவதை எழுதவில்லை. தட்டில் சோறு காய்ந்துகொண்டிருந்தது.

2

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். சுத்தி வளைத்தால் எனக்கே கண்ணைக் கட்டுகிறது.

தேவாரத்தில் காய்கறிக் கமிஷன் கடை வைத்திருப்பவர் கர்ணன். அவருக்கு இரண்டு பிக்கப் வேன். தக்காளியும் கத்தரியும் முருங்கையும் ஏற்றி விடியற்காலையில் கேரளாவுக்கு அனுப்புவார். அந்தப் பக்கம் போகிற காய்கறி வண்டிகளில் அடியில் ஒரு மூட்டை போட்டு அனுப்புகிற கூட்டம் ஒன்று இருந்தது. மேலே தக்காளி, கீழே அவர்கள் மூட்டை. எந்த வண்டி, எந்த நாள் என்பதையெல்லாம் அவர்களே சொல்வார்கள். வண்டிக்காரர்கள் வாயைத் திறக்க மாட்டார்கள்.

[மூட்டைக்குள் என்ன இருந்தது என்று கேட்காதீர்கள். கம்பம் என்ற பெயரைப் படித்ததுமே நீங்கள் முடிவு பண்ணியிருப்பீர்கள். அஜய்குமாரும் அப்படித்தான். "அதைக் காட்டாம எப்படி சார் கம்பம்னு நம்புவாங்க?" என்று கேட்டார். திராட்சையும் வாழையும் விளைவிக்கிற லட்சம் பேர் இந்தக் கேள்விக்கு என்ன செய்வார்கள் என்று ஈஸ்வரபாண்டி கேட்கவில்லை. கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது.]

கர்ணன் ஒருநாள் அந்த மூட்டையை இறக்கி ரோட்டோரம் வைத்துவிட்டு வண்டியை அனுப்பிவிட்டார். வீரமெல்லாம் இல்லை. "டிரைவருக்குப் பொண்ணு பொறந்து பேர்கூட வைக்கல, அவன் மாட்டுனா யாரு போயி நிக்கிறது" என்பதுதான் காரணம். பத்துப் பதினைந்து நாள் கழித்து மார்க்கையன்கோட்டைப் பக்கம் பட்டப்பகலில் வண்டியை மறித்து வெட்டினார்கள். வலது தோளில் ஒன்று, கழுத்தோரம் ஒன்று, முதுகில் எத்தனை என்று அவர் பார்க்கவில்லை. வெட்டியவனை மட்டும் பார்த்தார், நன்றாகவே பார்த்தார். தெரிந்த முகம்தான். கூட்டத்துக்குத் தலைவன், தானே இறங்கி வந்திருந்தான்.

அந்தத் தலைவனுக்கு என்ன பெயர் வைப்பது? இங்கேதான் தேனி எழுத்தாளனுக்கு நாக்குத் தள்ளும். எந்தப் பெயர் வைத்தாலும் அது ஏதாவது ஒரு சாதிக்காரரின் பெயராக இருக்கும். மறுநாள் காலையில் வீட்டு முன்னால் இருபது பைக் நிற்கும். ஆகவே பெயர் இல்லை. அவன் பின்னால் எங்கே உட்காரப்போகிறான் என்பதை வைத்துப் பின்பெஞ்சுக்காரன் என்றே சொல்கிறேன்.

3

இனிமேல் சொல்லப்போவதைத்தான் சேனலில் யாரும் நம்பவில்லை.

கர்ணனைத் தேனி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், அங்கிருந்து மதுரைக்கு அனுப்பினார்கள். ஆம்புலன்ஸ் பின்னாலேயே பைக்கில் போன ஒருவர், ஸ்ட்ரெச்சரில் முகம்வரை துணி மூடியிருந்ததைப் பார்த்துவிட்டு, "ஆளு முடிஞ்சிருச்சுப்பா" என்று மார்க்கெட்டுக்குப் போன் போட்டார். துணியை ரத்தம் நிற்பதற்காகப் போட்டிருந்தார்கள்.

எங்கள் பக்கம் சாவுச் செய்தி வந்தால் அழுகை அப்புறம்தான். முதலில் பிளெக்ஸ். பஸ் ஸ்டாண்டில் யாருடைய பிளெக்ஸ் முதலில் ஏறுகிறது என்பதில் இருக்கிறது மரியாதை. பிந்தினால், "என்னப்பா, உயிரோட இருக்கையில அண்ணே அண்ணேன்னு திரிஞ்ச, ஒரு பிளெக்ஸுக்கு வக்கில்லையா" என்று கேட்டுவிடுவார்கள். ஆகவே கர்ணன் மதுரை போய்ச் சேருமுன்பே தேவாரம் பஸ் ஸ்டாண்டில் 'கண்ணீர் அஞ்சலி' ஏறிவிட்டது. மகள் காதுகுத்தில் எடுத்த போட்டோ. மனைவி உமாதேவியை வெட்டிவிட்டு அவரை மட்டும் போட்டிருந்தார்கள். தோளோரம் அவர் சேலைக்கரை கொஞ்சம் மிச்சம் நின்றது. கர்ணன் வாய்நிறையச் சிரித்துக்கொண்டிருந்தார். மார்க்கெட்டே கடையடைத்துவிட்டது.

அந்தப் பிளெக்ஸ் வாட்ஸ்அப்பில் சுற்றிச் சுற்றிப் பின்பெஞ்சுக்காரன் கைக்கும் போயிற்று. சோலி முடிந்தது என்று நம்பிவிட்டான். அவர்கள் வழக்கப்படி, செய்யாத மூன்று பேரைத் தயார் பண்ணி, வெளி மாவட்டக் கோர்ட்டு ஒன்றில் சரண்டர் ஆகச் சொன்னான். மூன்று பேரும் போய், "தேவாரம் கர்ணனைக் கொன்னது நாங்கதான்" என்று நின்றார்கள். கர்ணன் அந்த நேரம் மதுரையில் மூக்கில் குழாயோடு மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்.

உயிரோடு இருக்கிறார் என்று தெரிந்திருந்தால் ஆஸ்பத்திரிக்கே வந்து முடித்திருப்பார்கள். தெரியவந்தபோது வாசலில் போலீஸ் காவல் போட்டாகிவிட்டது. ஊர்க்காரர்களின் அவசரம்தான் அவர் உயிரைக் காப்பாற்றியது. அந்தப் பிளெக்ஸ் பிற்பாடு கடையில் தக்காளிப் பெட்டி மேல் வெயிலுக்கு மூடக் கிடந்தது.

கண் விழித்த கர்ணனிடம் விசாரித்தார்கள். உமாதேவி பக்கத்தில் நின்று அவர் கையை ஒரு அமுக்கு அமுக்கினார். "மொகம் சரியாத் தெரியலய்யா" என்றார் கர்ணன். சரண்டர் ஆன மூன்று பேர் மீதே கேஸ் போயிற்று. கொலைக் கேஸ் கொலை முயற்சிக் கேஸ் ஆயிற்று.

இப்போது அந்தக் கேஸ் சாட்சி விசாரணைக்கு வந்திருக்கிறது. வாய்தாவுக்கு வாய்தா பின்பெஞ்சுக்காரன் வந்து, கோர்ட்டு ஹாலில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, போனை நோண்டிவிட்டுப் போகிறான். கர்ணன் கூண்டில் ஏறி, "இந்த மூணு பேரும் இல்ல" என்று சொல்லி இறங்கிவிட்டால் அது உண்மை. கேஸ் அதோடு படுத்துவிடும், அவரும் பிழைத்துக்கொள்வார். "இவங்க இல்ல, அந்தா பின்னால இருக்கான் பாருங்க" என்று விரலை நீட்டினால் அதுவும் உண்மைதான். அந்த உண்மைக்குப் பிறகு அவர் எத்தனை நாள் தேவாரத்தில் நடமாடுவார் என்பதுதான் தெரியாது.

4

"பிளெக்ஸ் மேட்டர் வேணாம் சார்" என்றார் அஜய்குமார். "காமெடி ஆயிடும்."

"அதுதான தம்பி நடந்துச்சு."

"நடந்தது வேற, லாஜிக் வேற சார். கேளுங்க. அந்தாளு ஒன்னு சாகணும். இல்ல, கோர்ட்ல வில்லனைப் பாத்து விரலை நீட்டணும். ரெண்டுல எது வேணா குடுங்க, நான் பண்றேன். பயந்துட்டு வீட்ல உக்காந்திருக்கிறது எபிசோடு இல்ல சார்."

[எனக்குத் தெரிந்து இந்த நாட்டில் பெரும்பாலானவர்கள் அந்த எபிசோடில்தான் இருக்கிறார்கள். இந்தப் பொன்மொழியை அஜய்குமாரிடம் சொல்ல நினைத்து, சொன்னால் அடுத்த வாரம் வேறு ஆளுக்குப் போன் போகும் என்று ஈஸ்வரபாண்டி முழுங்கிவிட்டார்.]

ஒளிபரப்பு ஞாயிற்றுக்கிழமை. கர்ணன் சாட்சி சொல்ல வேண்டியது அதற்கடுத்த செவ்வாய். பெயரை மாற்றிவிட்டார்கள். காய்கறிக் கடையை வாழைமண்டி ஆக்கினார்கள். யாரைப் பற்றி என்று தேவாரத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

5

பாத்திரங்கள் எழுத்தாளன் பிடியை விட்டுத் தங்கள் இஷ்டத்துக்கு நடந்துபோகும் என்று சொல்லுவார்கள். இங்கே அவை பஸ் ஏறி வீட்டுக்கே வந்தன.

முதலில் வந்தவர் கர்ணன். ஒரு பை நிறைய முருங்கைக்காய் கொண்டுவந்தார். உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, சுற்றிச் சுற்றிப் பேசிவிட்டு மெதுவாகக் கேட்டார்.

"அண்ணே, என்னைய யாரு நடிக்கிறா?"

"பேரு தெரியலப்பா. புதுப் பையன்."

"கோர்ட்டு சீன் இருக்குல்ல?"

"இன்னும் எழுதல."

"எழுதுனா, எடது கையில நீட்டுற மாதிரி எழுதுங்க." வலது கையைத் தூக்கிக் காட்டினார். நெஞ்சுக்கு நேராக வந்து நின்றுவிட்டது. "இதுக்கு மேல இது வராது. எடது கையில நீட்டுனா ஜட்ஜய்யா மரியாதக் கொறவா நெனப்பாகளோன்னு ஒரு சந்தேகம். டிவில ஒருக்காப் பாத்துட்டம்னா தைரியமா இருக்கும்ல."

ஈஸ்வரபாண்டி அந்தக் கையையே பார்த்தார். "நெசமாவே நீட்டப் போறியா கர்ணா?" என்று கேட்டார்.

"தெரியலண்ணே. காலையில கடையத் தொறக்கையில நீட்டிரணும்னு இருக்கு. மத்தியானம் பிள்ள ஸ்கூல்ல இருந்து வந்து பைய எறியிறதப் பாத்தா, நமக்கெதுக்கு வம்புன்னு இருக்கு. அந்த மூணு பேத்துல ஒருத்தன் என் மச்சினன் வயசுதான். செய்யாத குத்தத்துக்கு வந்து நிக்கிறான். 'அவன் இல்ல'ன்னு மட்டும் சொல்லிட்டு எறங்கி வந்துட்டா, பின்னால இருக்கவன் சிரிப்பான்ல. அந்தச் சிரிப்பத்தான்ணே தாங்க முடியல. ஒவ்வொரு வாய்தாவுக்கும் சிரிக்கிறான்."

போகும்போது வாசலில் செருப்பை மாட்டியபடி இடது கையை ஒருதரம் நீட்டிப் பார்த்துக்கொண்டார். தெருவில் யாரும் இல்லை என்று நினைத்திருப்பார்.

6

மறுநாளே உமாதேவி வந்தார். பால் சொசைட்டியில் வேலை. அரைநாள் லீவு போட்டுவிட்டு, புருசனுக்குத் தெரியாமல் வந்திருந்தார். காபி வேண்டாம் என்றார்.

"அண்ணே, ஒன்னு கேட்டா தப்பா எடுத்துக்கிற மாட்டீகளே?"

"சொல்லும்மா."

"அதுல இவுகளச் சாகடிச்சிருங்க."

[இந்த இடத்தில் 'அவர் கண்கள் குளமாயின' என்று எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். ஆகவில்லை. ரேஷன் கடையில் சீனி கேட்கிற மாதிரிதான் கேட்டார்.]

"நாடகத்துலதாண்ணே சொல்றேன். பொழைக்க வச்சீகன்னா வெரல நீட்ட வைப்பீக. எல்லாரும் கைதட்டுற மாதிரி மியூசிக் போடுவாக. இவுக அதப் பாத்துட்டு அங்கன போயி அப்படியே செஞ்சிருவாக. எனக்குத் தெரியும்ணே, இவுக கண்ணாடி முன்னால நின்னு கைய நீட்டி நீட்டிப் பாக்குறாக. டிவில செத்துட்டாகன்னு காமிச்சா, சப்புன்னு போயிரும். கோர்ட்டுல 'இவங்க இல்லய்யா'ன்னு சொல்லிட்டு எறங்கி வந்துருவாக. அது பொய்யும் இல்லேல்ல?"

"பொய் இல்லம்மா."

"பொறகென்ன?"

"நீங்க அழுகுற மாதிரி சீன் வைக்க வேண்டியிருக்குமே" என்று ஈஸ்வரபாண்டி ஏதோ உளறினார்.

"வச்சுக்கங்க. நான் ஏற்கெனவே அழுதுதான் இருக்கேன். மதுரை ஆஸ்பத்திரி வராண்டாவுல உக்காந்திருக்கேன். உள்ள இவுக மூச்சு விட்டுக்கிட்டு இருக்காக. போன்ல இவுகளுக்குக் கண்ணீர் அஞ்சலி வருது. ஒன்னு பின்னால ஒன்னா வருது. உள்ள போயிப் பாக்குறேன், மூச்சு இருக்கு. வெளிய வந்து போனப் பாக்குறேன், செத்துட்டாக. எதுண்ணே நெசம்னு அன்னிக்கிப் பூராம் எனக்குத் தெரியல. அந்த ஒரு நாளு எனக்குப் போதும்."

எழுந்து சேலையைச் சரிசெய்துகொண்டார். வாசலில் நின்று, "நான் வந்தத இவுககிட்டச் சொல்லிறாதீக" என்றார்.

7

ஆக, முடிவுகள்.

முடிவு அ: கர்ணன் கூண்டில் நிற்கிறார். இடது கை உயர்கிறது. கேமரா பின்பெஞ்சுக்குப் போகிறது. பின்பெஞ்சுக்காரன் முகத்தில் முதல்முறையாக

(நிறுத்திவிட்டேன். முதல்முறையாக என்ன? பயமா? அவன் எதற்குப் பயப்படப்போகிறான்? பயம் என்று எழுதினால் அது கர்ணனுக்கு நான் கொடுக்கிற கள்ள நோட்டு.)

முடிவு ஆ: ஆஸ்பத்திரியில் சாவு. உமாதேவி அழுகை. இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றுகிறார். இந்த மாதிரி நூறு எழுதியாயிற்று. தூக்கத்தில்கூட எழுதலாம்.

முடிவு இ: கர்ணன் பயந்துகொண்டு வீட்டில் இருக்கிறார். கடையைத் திறக்கிறார், மூடுகிறார். இதுதான் நிஜம். இதைத்தான் அஜய்குமார் எபிசோடே இல்லை என்று சொல்லிவிட்டார்.

ஈஸ்வரபாண்டி ரொம்ப நேரம் யோசித்தார் என்று எழுதலாம். இல்லை. அலுப்பாக இருந்தது. ஒரு மனுசன் உயிரோடு இருக்கட்டும் என்று அவன் பெண்டாட்டி கேட்கிறாள், அவள் கேட்டதைக் கொடுத்தால் என்ன குறைந்துவிடும் என்று நினைத்தார். ஆ-வை எழுதினார். கர்ணனைச் சாகடித்தார்.

ஆனால் அந்த அம்மாளை அழுகையோடு விட மனம் வரவில்லை. கடைசியில் வசனம் இல்லாமல் ஒரு சின்னத் துண்டு சேர்த்தார். சாவு கழிந்து சில மாதம். மனைவி டிபன் பாக்ஸோடு வேலைக்குப் போகிறாள். மகள் சைக்கிளில் பள்ளிக்கூடம் போகிறாள். யாரோ ஒருவர் மண்டியைத் திறந்து வாழைத்தார் இறக்குகிறார். ஆறுதலாக இருக்கட்டுமே என்றுதான் வைத்தார். "சூப்பர் சார், பீல் குட்" என்று அஜய்குமார் பதில் அனுப்பினார்.

8

ஞாயிற்றுக்கிழமை ஒளிபரப்பானது. திங்கட்கிழமை காலையில் கர்ணன் மார்க்கெட்டிலிருந்து கூப்பிட்டார். பின்னால் ஏலச் சத்தம் கேட்டது.

"அண்ணே, பாத்தேன். கொன்னுட்டீகளே."

"கர்ணா, அது வந்து..."

"கோவம்லாம் இல்லண்ணே. மார்க்கெட்ல ஒரே கேலி. 'ஏலே, ரெண்டாந்தடவையும் செத்துட்டியாமே'ங்கிறாங்க. மொத எனக்குச் சப்புன்னுதான் போச்சு. எந்திரிச்சுப் படுக்கப் போனேன். பொறகு கடைசியில ஒன்னு வந்துச்சுல்ல, உமா வேலைக்குப் போற மாதிரி, பிள்ள சைக்கிள்ல போற மாதிரி. அது நீங்க எழுதுனதா?"

"ஆமா."

"நெலப்படியிலயே நின்னு அதப் பாத்தேன்ணே. நான் இல்லாட்டி எல்லாம் நின்னுபோகும்னு நெனச்சுத்தான் இம்புட்டு நாளா வாயப் பொத்திக்கிட்டுத் திரிஞ்சேன். எதுவும் நிக்கலையே. கடையக்கூட எவனோ தொறக்குறான். உமா அழுது முடிச்சுட்டு வேலைக்குப் போறா." நடுவில் யாருக்கோ தக்காளி விலை சொன்னார். "பயம் விட்டுப்போச்சுண்ணே. நாளைக்கு நீட்டிருவேன்."

ஈஸ்வரபாண்டிக்குத் திண்டாட்டமாகிவிட்டது. சாகடித்தது அவரைக் காப்பாற்றுவதற்கு. ஆறுதலுக்கு என்று சேர்த்த அந்தத் துண்டு சீன் அவரை நேரே கொண்டுபோய்க் கூண்டில் ஏற்றிவிட்டது. "அது சும்மா சினிமாத்தனம்ப்பா, நிசத்துல அப்படியெல்லாம் நடக்காது, நீ இல்லாட்டி அவுக நொடிஞ்சு போவாக" என்று படபடவென்று சொன்னார். இந்த வருசம் முழுவதும் அவர் எழுதியதில் அதுதான் மனசாரச் சொன்ன வசனம். கர்ணன், "இருக்கட்டும்ணே" என்று வைத்துவிட்டார்.

சாயங்காலம் உமாதேவி கூப்பிட்டார். திட்டுவார் என்று நினைத்தே எடுத்தார் ஈஸ்வரபாண்டி. திட்டவில்லை.

"அந்தக் கடைசியில ஒன்னு வச்சீகளே, நான் கேட்டனா?"

"இல்லம்மா."

"அழுதுக்கிட்டே இருக்கேன்னு காமிச்சிருந்தா இவுக நீட்ட மாட்டாக. அது உங்களுக்குத் தெரியலையா?"

ஈஸ்வரபாண்டி போனை அடுத்த காதுக்கு மாற்றினார்.

"இவுக இல்லாம நான் டிபன் பாக்ஸத் தூக்கிக்கிட்டுப் போயிருவேன்னு எப்படிண்ணே நீங்களா எழுதுனீக?" மூக்கை உறிஞ்சிக்கொண்டு பேசினார். "இனிமே எங்களப் பத்தி எழுதாதீக. நாளைக்கு அங்கன என்ன நடந்தாலும் எழுதாதீக."

9

கர்ணன் கூண்டில் ஏறினார். வக்கீல் மூன்று பேரையும் காட்டி, "இவங்களைத் தெரியுமா?" என்று கேட்டார். கர்ணன் பின்பெஞ்சைப் பார்த்து

இல்லை. எழுதக்கூடாது என்று சொல்லியிருக்கிறார்.

செவ்வாய்க்கிழமை கோர்ட்டுக்குப் போனேன். அவர் என்று இனிமேல் சொல்லி என்ன, நான்தான் போனேன். உமாதேவி முன்வரிசையில் இருந்தார். நான் வந்ததைப் பார்த்தார், தலையை ஆட்டவில்லை. அதற்குப் பிறகு நடந்தது எல்லாம் எனக்குத் தெரியும். எழுதினால் நல்ல முடிவாகத்தான் வரும், என் கைக்கு அது நன்றாகப் பழகியிருக்கிறது. அதனால்தான் எழுதப் பயமாக இருக்கிறது.

உங்களுக்கு யாரும் தடை சொல்லவில்லை. கையை நீட்ட வைக்கலாம், மடக்கிக்கொண்டு இறங்க வைக்கலாம், உங்கள் இஷ்டம். ஒன்றே ஒன்று. எதை எழுதினாலும், எழுதுவதற்கு முன்னால் தேவாரம் பஸ் ஏறிப் போய், அந்த வீட்டு வாசலில் நின்று, உமாதேவியிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எழுதுங்கள்.